சிவப்பு விளக்கு ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை?



எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் பொங்கல் விழாவுக்கு அறிவியல் கழக மாணவர்கள் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார்கள். மேடையின் இரு பக்கமும் இரண்டு விளக்குப் பெட்டிகள். உறுமியின் 'உம்' என்ற தாழ்ந்த ஒலிக்குச் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும். நாதஸ்வரத்தின் உயர்ந்த ஒலிக்குப் பச்சை விளக்கு மின்ன வேண்டும். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி, மறுபக்கம் உயர்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி. திட்டம் இவ்வளவுதான்.

ஒத்திகையில் உறுமி முழங்கியது. சிவப்பு மின்னியது. எல்லாரும் கைதட்டினார்கள். நாதஸ்வரம் எழுந்தது. பச்சை மின்னியது, கூடவே சிவப்பும் மின்னியது. நாதஸ்வரம் ஓயும்வரை சிவப்பும் ஓயவில்லை.

"நீ சரியாகப் பற்றவைக்கவில்லை" என்று படிவம் 5 மாணவன் ஒருவன், சுற்றைப் பற்றவைத்த படிவம் 4 மாணவியைப் பார்த்துச் சொன்னான். அவள் முகம் வாடிவிட்டது. "டீச்சர், நான் படத்தில் இருந்தபடிதான் செய்தேன்" என்றாள். விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். யார் சொல்வது சரி? இதை வாதம் செய்து தீர்க்க முடியாது. அளந்துதான் தீர்க்க வேண்டும். எப்படி அளந்தோம் என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

மல்டிமீட்டர் சொல்லாத செய்தி

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மல்டிமீட்டரை எடுத்தோம். கம்பிகள் எங்கும் அறுபடவில்லை. பற்றவைப்பு எல்லாம் உறுதி. 10 கிலோஓம் மின்தடையை அளந்தால் 9.9 கிலோஓம் காட்டியது, அதுவும் சரி. அந்தச் சாதாரண மல்டிமீட்டரில் மின்தேக்கியை அளக்கும் வசதி இல்லை. அதன் கணக்கில் சுற்றில் குறையே இல்லை. ஆனால் சிவப்பு விளக்கு தவறாக மின்னிக்கொண்டே இருந்தது.

ஏன் இப்படி? தொடக்கப்பள்ளி அறிவியலில் 'தூண்டலும் துலங்கலும்' படித்தது நினைவிருக்கிறதா? தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் இலை சுருங்கும். தொடுவது தூண்டல், சுருங்குவது துலங்கல். தொடாமல் வெறுமனே செடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது சுருங்குமா என்பது தெரியாது. வடிகட்டிச் சுற்றும் அப்படித்தான். மல்டிமீட்டர் அதற்கு நேர்மின்னோட்டத்தைக் கொடுத்துப் பார்க்கிறது. ஆனால் வடிகட்டியின் வேலையே வெவ்வேறு அதிர்வெண்ணுக்கு வெவ்வேறு விதமாகத் துலங்குவது. 10 ஹெர்ட்ஸ் கொடுத்தால் என்ன செய்கிறது, 100 கொடுத்தால் என்ன, 1,000 கொடுத்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பதில்களை வரைபடமாக்கினால் கிடைப்பதற்கு அதிர்வெண் துலங்கல் என்று பெயர்.

சுற்றுக்குள் நடப்பது என்ன?

சிவப்பு விளக்கின் வடிகட்டியில் இரண்டே உறுப்புகள். சமிக்ஞை ஒரு மின்தடையின் வழியாக வருகிறது. அதன் மறுமுனையில் ஒரு மின்தேக்கி. அதன் இன்னொரு கால் தரை இணைப்புக்குப் போகிறது. மின்தேக்கியின் குறுக்கே இருக்கும் மின்னழுத்தம்தான் வெளியீடு.

இதை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்தடை ஒரு குறுகலான குழாய். மின்தேக்கி தொட்டி. குழாயின் வழியே தண்ணீர் மெதுவாகத்தான் தொட்டிக்குள் வரும், மெதுவாகத்தான் வெளியேறும். 'நிரப்பு', 'காலி செய்' என்று நீங்கள் நிதானமாகச் சொன்னால் தொட்டி சொன்னபடி நிரம்பும், காலியாகும். படபடவென்று மாற்றி மாற்றிச் சொன்னால் நிரம்பத் தொடங்கும்முன் காலி செய்யச் சொல்வீர்கள். நீர்மட்டம் அசையவே அசையாது. தாழ்ந்த அதிர்வெண் என்பது நிதானமான கட்டளை. உயர்ந்த அதிர்வெண் என்பது படபடப்பான கட்டளை.

எது நிதானம், எது படபடப்பு என்று எப்படி அறிவது? மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் கிடைப்பது கால மாறிலி. 10 கிலோஓம், 0.1 மைக்ரோஃபாரட் இரண்டையும் பெருக்கினால் 0.001 விநாடி, அதாவது 1 மில்லிவிநாடி. 10 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்று முடிய 100 மில்லிவிநாடி ஆகும். தொட்டிக்குத் தாராளமான நேரம். 1,000 ஹெர்ட்ஸ் அலைக்கோ ஒரு சுற்றுக்கு 1 மில்லிவிநாடிதான். நிரம்ப அதில் பாதி, காலியாக மறுபாதி. நேரம் போதாது.

இரண்டுக்கும் நடுவே எல்லைக்கல் போல ஓர் அதிர்வெண் உண்டு. அதை வெட்டு அதிர்வெண் என்பார்கள். 2 × 3.1416 × கால மாறிலி என்பதைக் கணக்கிட்டு, 1-ஐ அதனால் வகுத்தால் அது கிடைக்கும். எங்கள் சுற்றுக்கு ஏறக்குறைய 159 ஹெர்ட்ஸ். உறுமியின் தாழ்ந்த ஒலி இதற்குக் கீழே இருக்கும், சில நூறு ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள நாதஸ்வர ஒலி மேலே இருக்கும் என்ற எண்ணத்தில்தான் மாணவர்கள் இந்த மதிப்புகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

உள்ளே 1 வோல்ட் கொடுத்தால் வெளியே எவ்வளவு வர வேண்டும்? கணக்குப்படி:

10 ஹெர்ட்ஸ் – 0.998 வோல்ட்
100 ஹெர்ட்ஸ் – 0.847 வோல்ட்
159 ஹெர்ட்ஸ் – 0.707 வோல்ட்
200 ஹெர்ட்ஸ் – 0.623 வோல்ட்
500 ஹெர்ட்ஸ் – 0.303 வோல்ட்
1,000 ஹெர்ட்ஸ் – 0.157 வோல்ட்
10,000 ஹெர்ட்ஸ் – 0.016 வோல்ட்

இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் அளக்கத் தொடங்கினோம். இந்த வரிசையை மறக்காதீர்கள். எதிர்பார்ப்பதை முதலில் எழுதுங்கள், பிறகு அளங்கள். இது பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

கையால் அளந்த நாற்பது நிமிடம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழைய காதோட் கதிர் அலைவுகாட்டி ஒன்று இருக்கிறது. படிவம் 5 இயற்பியலில் மின்னணுவியல் பாடத்தில் காதோட் கதிரைப் படிப்பீர்களே, அதே தத்துவத்தில் இயங்கும் கருவி. ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினண்ட் பிரௌன் 1897-இல் உருவாக்கிய குழாய்தான் இதற்கெல்லாம் முன்னோடி. மின்னழுத்தம் காலப்போக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஒளிக்கோடாகத் திரையில் காட்டும்.

வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். சமிக்ஞை ஆக்கியில் 100 ஹெர்ட்ஸ் வையுங்கள். உள்ளீட்டு அலையின் உயரத்தைத் திரையில் கட்டம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டு அலையின் உயரத்தையும் அப்படியே. வெளியீட்டை உள்ளீட்டால் வகுங்கள். அடுத்து 200 ஹெர்ட்ஸ். மறுபடியும் முதலிலிருந்து.

100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1 வோல்ட் வந்தது. 200-இல் ஏறத்தாழ 1 வோல்ட். 500-இல் 0.95 அளவு. கரும்பலகையிலோ 0.303 என்று எழுதியிருந்தோம். "இந்தக் கருவி ரொம்பப் பழசு டீச்சர், தப்பாகக் காட்டுகிறது" என்றான் ஒருவன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாணவர்களே, எதிர்பாராத விடை வந்தால் கருவியைக் குறை சொல்வது நம் எல்லாருக்கும் வரும் முதல் எண்ணம். கருவி தவறு செய்யக்கூடும்; சில வேளைகளில் செய்யவும் செய்யும். ஆனால் 'பழசு' என்பது சான்று ஆகாது. வேறொரு கருவியால் அளந்து ஒப்பிட வேண்டும்.

தானே அளந்து தானே வரையும் கருவி

ஜொகூரில் ஓர் உயர்கல்விக்கூடத்தின் மின்னணுவியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் நண்பரிடம் கேட்டேன். சனிக்கிழமை காலை மாணவர்களை அழைத்து வரச் சொன்னார். அங்கே இருந்தது இலக்கமுறை அலைவுகாட்டி. அதிலேயே அதிர்வெண் துலங்கலை வரையும் வசதி உண்டு.

இந்த வசதி முன்பு எளிதில் கிடைக்கக்கூடியதாக இல்லை. இதற்கென்றே விலையுயர்ந்த தனிக் கருவிகளை வாங்க வேண்டியிருந்தது. இப்போது கல்விக்கூடங்களுக்கான சிறிய அலைவுகாட்டிகளிலும் இது வந்துவிட்டது. எடுத்துக்காட்டாக, கீசைட் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 1000 எக்ஸ் வரிசையில் சில வகைகளில், 20 மெகாஹெர்ட்ஸ் வரை அலை தரும் சமிக்ஞை ஆக்கியும் துலங்கல் வரையும் வசதியும் உள்ளேயே இருக்கின்றன. இந்த நிறுவனத்துக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கிய ஹியூலெட்-பேக்கார்டின் அளவைக்கருவிப் பிரிவுதான் பின்னர் அஜிலன்ட் ஆகி, 2014-இல் கீசைட் என்ற தனி நிறுவனமானது. பாயான் லெப்பாசில் இன்றும் அதன் பெரிய வளாகம் இருக்கிறது. மின்னணு அளவைக் கருவி என்றால் எங்கோ தொலைதூரத்தில் செய்யப்படுவது என்று நினைக்க வேண்டாம். அந்தத் துறையில் வேலை செய்யும் மலேசியர்கள் பலர்.

கருவி செய்வது நாங்கள் கையால் செய்த அதே வேலைதான். இணைப்பு முறை இது:

முதலாவது, கருவியின் சமிக்ஞை ஆக்கியைச் சுற்றின் உள்ளீட்டில் இணைக்க வேண்டும்.

இரண்டாவது, அலைவுகாட்டியின் முதல் தடத்தை அதே உள்ளீட்டில் வைக்க வேண்டும். இரண்டாம் தடத்தை வெளியீட்டில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, எந்த அதிர்வெண்ணில் தொடங்கி எதில் முடிப்பது, எத்தனை வோல்ட் கொடுப்பது என்று குறிப்பிட வேண்டும். நாங்கள் 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை, 1 வோல்ட் என்று வைத்தோம்.

பிறகு ஒரு பொத்தான். கருவி 10 ஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, இரு தடங்களையும் அளந்து, வகுத்து, ஒரு புள்ளி வைக்கிறது. சற்று உயர்ந்த அதிர்வெண்ணுக்குத் தாவுகிறது. இன்னொரு புள்ளி. தொடக்கத்தில் புள்ளிகள் மெதுவாக வரும். தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு முழு அலை முடியவே நேரமாகுமல்லவா? போகப் போக வேகம் பிடிக்கும். சிறிது நேரத்தில் கோடு முழுமையாகிவிடும்.

இரண்டு அச்சுகளின் மொழி

இந்த வரைபடத்தைப் படிக்க இரண்டு செய்திகள் தெரிய வேண்டும்.

கிடை அச்சில் 10, 100, 1,000, 10,000 என்பவை சம தூரத்தில் இருக்கும். விசித்திரமாகத் தோன்றுகிறதா? ஆர்மோனியப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு 'ச'வுக்கும் மேல் 'ச'வுக்கும் இடையே அதிர்வெண் இரட்டிப்பாகிறது. அதற்கு மேல் 'ச'வில் மறுபடியும் இரட்டிப்பு. ஆனால் கட்டைகளில் ஒவ்வொரு தாயியும் ஒரே அகலம்தான். சமமான அடியெடுத்து வைத்தால் சமமான மடங்கு கூடும். வரைபடத்திலும் அப்படியே, இங்கே ஒரு கட்டத்துக்குப் பத்து மடங்கு. இதை மடக்கை அளவு என்கிறோம்.

செங்குத்து அச்சு டெசிபல். வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்து, அதன் மடக்கையை 20-ஆல் பெருக்கினால் வரும் எண். மனப்பாடம் செய்ய நான்கு எண்கள் போதும். உள்ளீடும் வெளியீடும் சமமானால் 0 டெசிபல். பாதியானால் ஏறத்தாழ −6. பத்தில் ஒரு பங்கானால் −20. 0.707 பங்கானால் −3. கடைசி எண்ணுக்குத் தனிச் சிறப்பு உண்டு. 0.707-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.5 வரும், அதாவது ஆற்றல் பாதியாகும் இடம். வெட்டு அதிர்வெண் என்று மேலே சொன்னோமே, அது வரைபடத்தில் −3 டெசிபல் இருக்கும் இடம்தான்.

இன்னொரு கோடும் திரையில் வரும். வெளியீட்டு அலை உள்ளீட்டு அலையைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்பதைக் காட்டும் கட்டக் கோடு அது. ஒரு முழு அலை 360 பாகை. எங்கள் வடிகட்டியில் வெட்டு அதிர்வெண்ணில் சரியாக 45 பாகை பின்தங்க வேண்டும்.

இந்த இரு கோட்டு வரைபடத்துக்குப் போடே வரைபடம் என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹென்றிக் போடே (1905–1982) என்ற பொறியாளரின் பெயர் அது. நெடுந்தொலைவுத் தொலைபேசித் தடங்களில் குரல் தேய்ந்துவிடாமல் இருக்க வழியெங்கும் பெருக்கிகள் வைத்தார்கள். அந்தப் பெருக்கிகள் சில வேளைகளில் தாமாகவே ஊளையிடத் தொடங்கிவிடும். கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டு போனால் 'கீ…' என்று கத்துமே, அதே நிகழ்வுதான். ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வரும் அலை புறப்பட்ட அலையோடு ஒத்திசைந்து, பெருக்கமும் குறையாமல் இருந்தால் ஊளை பிறக்கும். பெருக்கம் எவ்வளவு, பின்தங்கல் எவ்வளவு என்ற இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் ஊளையிடுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியும். அதற்காகத்தான் இரண்டு கோடுகள்.

முதல் வரைபடம் பொய் சொன்னது

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். எங்கள் முதல் வரைபடம் திரையில் வந்தது. அழகான வழவழப்பான கோடு. இடப்பக்கம் சமதளமாக ஓடி, வலப்பக்கம் சரிந்தது. மாணவர்கள் கைப்பேசியில் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பற்றவைத்த அந்த மாணவி மட்டும் படம் எடுக்கவில்லை. "டீச்சர், சமதளம் −20-இல் இருக்கிறதே" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். 10 ஹெர்ட்ஸில் கோடு −20 டெசிபலில் இருந்தது. அப்படியென்றால் 1 வோல்ட் கொடுத்தால் 0.1 வோல்ட்தான் வருகிறது என்று பொருள். ஆனால் எங்கள் பட்டியலில் 10 ஹெர்ட்ஸுக்கு 0.998 என்று இருந்தது. "தொட்டிக்கு அவ்வளவு நேரம் கொடுத்தும் பத்தில் ஒரு பங்குதான் நிரம்புமா?" என்று அவள் கேட்டாள்.

நிரம்பாமல் இருக்காது. தவறு எங்களுடையதுதான். அலைவுகாட்டியின் ஆய்வுமுனையில் '1 மடங்கு', '10 மடங்கு' என்று சின்னதாக ஒரு விசை இருக்கும். 10 மடங்கில் வைத்தால் சமிக்ஞை பத்தில் ஒரு பங்காகக் குறைந்து கருவிக்குள் போகும்; கருவியிடமும் அதைச் சொல்லிவிட்டால் அது திரும்பப் பெருக்கிச் சரியான அளவைக் காட்டும். இரண்டாம் தடத்தின் முனை 10 மடங்கில் இருந்தது; கருவியின் அமைப்பிலோ 1 மடங்கு என்று இருந்தது. பத்தில் ஒரு பங்கு என்றால் −20 டெசிபல். கணக்கு அச்சாகப் பொருந்தியது.

கருவி கோட்டை அழகாக வரைந்தது. அந்தக் கோடு நம்பத்தக்கதா என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொன்னது கரும்பலகைப் பட்டியலும், அதை மறக்காத ஒரு மாணவியும்.

இரண்டாம் வரைபடம் உண்மை சொன்னது

அமைப்பைச் சரிசெய்து மறுபடியும் ஓட்டினோம். சமதளம் இப்போது 0 டெசிபலில். சரிவும் எதிர்பார்த்தபடியே; வெட்டு அதிர்வெண்ணைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 20 டெசிபல் இறக்கம். வடிவம் முழுக்கச் சரி. ஆனால் −3 டெசிபல் இருந்த இடம் 159 ஹெர்ட்ஸ் அல்ல. ஏறத்தாழ 1,590 ஹெர்ட்ஸ். கட்டக் கோட்டிலும் 45 பாகை அதே இடத்தில்தான் வந்தது. முழு வரைபடமும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

இங்கேதான் சிந்தனை வேலை செய்ய வேண்டும். பற்றவைப்பு மோசம் என்றால் கோடு தாறுமாறாகக் குதிக்கும், அல்லது சமிக்ஞையே வராது. இங்கே வடிவம் கச்சிதமாக இருக்கிறது. ஆகவே பற்றவைப்பில் குறை இல்லை. வெட்டு அதிர்வெண் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்றால் கால மாறிலி பத்தில் ஒரு பங்காகியிருக்கிறது. மின்தடையை ஏற்கெனவே அளந்துவிட்டோம், 9.9 கிலோஓம். மிஞ்சியது மின்தேக்கி. அது 0.1 மைக்ரோஃபாரடாக இல்லாமல் 0.01 மைக்ரோஃபாரடாக இருக்க வேண்டும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். மின்தேக்கியின் மேல் 103 என்று இருந்தது.

இந்த எண்ணைப் படிக்கும் முறை இது. முதல் இரண்டு இலக்கங்களை அப்படியே எழுதுங்கள். மூன்றாம் இலக்கம் எத்தனையோ அத்தனை சுழியம் சேருங்கள். விடை பிகோஃபாரடில். 104 என்றால் 10-க்குப் பின் நான்கு சுழியம், 100,000 பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 103 என்றால் 10,000 பிகோஃபாரட், அதாவது 0.01 மைக்ரோஃபாரட். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மாணவி படத்தில் 104 என்று பார்த்து, 104 என்று எழுதிய பொட்டலத்திலிருந்துதான் எடுத்திருந்தாள். பொட்டலத்தின் மேல் எழுதியது யார் என்று பார்த்தால் என் கையெழுத்து. பள்ளி தொடங்கிய வாரத்தில் உதிரிபாகங்களைப் பிரித்து வைத்தவள் நான்தான். "தவறு என்னுடையது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். குறை சொன்ன மாணவன் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 104 மின்தேக்கியைத் தேடி எடுத்து, எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டி, அவளிடமே பற்றவைக்கக் கொடுத்தான்.

பழைய அலைவுகாட்டியும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 0.01 மைக்ரோஃபாரட் போட்டுக் கணக்கிட்டால் 500 ஹெர்ட்ஸில் 0.954 வர வேண்டும். அது காட்டியதும் அதைத்தான். நாதஸ்வரத்தின் 500 ஹெர்ட்ஸ் ஒலி குறைய வேண்டிய அளவுக்குக் குறையாமல் மூன்று மடங்குக்கும் மேலாக உள்ளே புகுந்திருக்கிறது. சிவப்பு விளக்கு மின்னாமல் என்ன செய்யும்? விழாவன்று அது உறுமிக்கு மட்டுமே மின்னியது.

உங்கள் வானொலிக்குள்ளும் இதே சுற்று

ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி. இது வெறும் பள்ளி விளையாட்டு அல்ல. மின்னல் எஃப்.எம். கேட்கிறீர்களா? ஜொகூர் பாருவில் இருப்பவர்கள் சிங்கப்பூரின் ஒலி 96.8-ஐயும் கேட்பீர்கள். பண்பலை ஒலிபரப்பில் உயர்ந்த சுரங்களோடு இரைச்சல் அதிகம் கலந்துவிடும். அதனால் நிலையத்தில் உயர்ந்த ஒலிகளைச் சற்றுத் தூக்கி அனுப்புகிறார்கள். வானொலிப் பெட்டி அவற்றை அதே அளவுக்குத் தாழ்த்தும்போது கூடவே இரைச்சலும் தாழ்ந்துவிடுகிறது. தாழ்த்தும் வேலையைச் செய்வது எங்கள் சுற்றைப் போன்ற வடிகட்டிதான். உலகின் பெரும்பகுதியில் அதன் கால மாறிலி 50 மைக்ரோவிநாடி. வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 3,183 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 75 மைக்ரோவிநாடி. ஏறத்தாழ 2,122 ஹெர்ட்ஸ். அங்கே விற்பதற்காகச் செய்த வானொலியை இங்கே கேட்டால் தாளச் சத்தம் சற்று மங்கலாகக் கேட்கும். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

அளப்பவர் மறக்கக் கூடாதவை

ஒன்று, அலைவுகாட்டியை வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் இணைக்காதீர்கள். ஆய்வுமுனையின் தரைக் கவ்வி, கருவிக்குள்ளேயே மின்செருகியின் புவி இணைப்போடு சேர்ந்திருக்கும். தவறான இடத்தில் கவ்வினால் குறுக்குச்சுற்று, உயிருக்கே ஆபத்து. மின்கலத்தாலோ சமிக்ஞை ஆக்கியாலோ இயங்கும் சிறிய மின்னழுத்தச் சுற்றுகளோடு நில்லுங்கள். அதுவும் ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும்.

இரண்டு, இரு தடங்களின் தரைக் கவ்விகளும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. இரண்டையும் சுற்றின் ஒரே தரைப்புள்ளியில்தான் மாட்ட வேண்டும்.

மூன்று, அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடும். 1 மடங்கு முனையில் அலைவுகாட்டி 1 மெகாஓம் மின்தடையாக நடந்துகொள்ளும். எங்கள் 10 கிலோஓமுக்கு முன்னால் அது பெரிய எண். பாதிப்பு நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் சுற்றில் 1 மெகாஓம் மின்தடை இருந்தால், தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே மின்னழுத்தம் பாதியாகிவிடும். 10 மடங்கு முனை 10 மெகாஓமாக நிற்பதால் பாதிப்பு குறையும்.

நான்கு, மிக மிகத் தாழ்ந்த வெளியீட்டில் சமிக்ஞை இரைச்சலில் மூழ்கிவிடும். கோட்டின் கடைசிப் பகுதி நடுங்கினால் அது சுற்றின் குணம் என்று முடிவுகட்டாதீர்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

அலைவுகாட்டி இல்லையே என்று வருந்த வேண்டாம். இரண்டு கைப்பேசிகள் போதும். ஒன்றில் ஒலி உருவாக்கும் செயலி, மற்றொன்றில் ஒலியளவு காட்டும் செயலி. இரண்டையும் ஒரு சாண் இடைவெளியில் அசையாமல் வையுங்கள். ஒலியளவை மாற்றாமல் 100, 200, 500, 1,000, 2,000, 5,000 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, மற்றதில் வரும் டெசிபலைக் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைத் தாளில் வையுங்கள். அதுதான் உங்கள் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியின் துலங்கல். செயலியின் ஒலிவாங்கியும் அதில் கலந்திருக்கும்.

ஆனால் தொடங்கும்முன் ஒன்று செய்யுங்கள். விரல்நுனி அளவுள்ள ஒலிபெருக்கி 100 ஹெர்ட்ஸில் எப்படி ஒலிக்கும் என்று நீங்கள் நினைப்பதைத் தாளின் மூலையில் எழுதி வையுங்கள். அளந்த பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். மாறுபட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'யார் மேல் தவறு?' அல்ல, 'எந்த இடத்தில் மாறுபடுகிறது?' என்பதுதான்.